ஸ்லாலம் பிறந்த மலைக் கிராமம்

பனியே விழாத சென்னையில் பிறந்தவர். விபத்தில் ஒரு கால் குட்டையானவர். அவர்தான் சுவிட்சர்லாந்தின் பாறை விளிம்புக் கிராமம் ஒன்றில் உட்கார்ந்து உலகப் பனிச்சறுக்குப் போட்டிகளுக்கு விதி எழுதினார். மூரென் கிராமத்தின் நூறாண்டுக் கதை இது.

குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்ற மலைச்சரிவு. அதில் சிவப்பும் நீலமுமாக நட்டு வைத்த கழிகள். தலைக்கவசம் அணிந்த வீராங்கனை ஒருவர் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து கீழே பாய்கிறார். குறுக்கே வரும் கழிகளைக் காலில் கட்டிய காப்பாலேயே தட்டிச் சாய்க்கிறார். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஒரே ஒரு கழியைத் தவறான பக்கமாகக் கடந்தாலும் வெளியேற வேண்டியதுதான். நொடியின் நூறில் ஒரு பங்கில் பதக்கம் கைமாறும்.

இந்தப் போட்டிக்கு ஸ்லாலம் என்று பெயர். நார்வே மொழிச் சொல் அது. ஆனால், இன்று நாம் பார்க்கும் ஸ்லாலம் போட்டி நார்வேயில் உருவானதல்ல. அதற்கு விதி வகுத்தவர் நார்வேக்காரரும் அல்லர், சுவிஸ்காரரும் அல்லர். அவர் ஓர் ஆங்கிலேயர். பிறந்த ஊர், நமக்கெல்லாம் நன்கு தெரிந்த சென்னை!

பாறை விளிம்பில் ஓர் ஊர்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், இண்டர்லாக்கன் நகரத்துக்குத் தெற்கே லாட்டர்புருன்னன் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. இரு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். அவற்றின் மேலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட அருவிகள் விழுகின்றன. அவற்றுள் ஸ்டௌப்பாக் என்ற அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் இறங்குகிறது.

மேற்குப் பக்கத்துப் பாறைச் சுவரின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,640 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது மூரென். நம் கெந்திங் மலையுச்சியைவிடச் சற்றே குறைவான உயரம். எதிரே ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் என்ற மூன்று பெரும் சிகரங்கள் சுவர்போல் நிற்கின்றன. ஊரில் நிரந்தரமாக வாழ்பவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர்தான். கார் போகாத ஊர். கீழேயிருந்து கேபிள் கார் அல்லது மலை ரயில் வழியாகத்தான் போய்ச்சேர முடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது மாடு மேய்த்து, புல் அறுத்து, பாலாடைக்கட்டி செய்து பிழைத்த உழவர்களின் ஊர். 1891இல் மலை ரயில் வந்ததும் கோடைகாலப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். ஆனால் குளிர்காலம் வந்தால் ரயிலும் நிற்கும், தங்கும் விடுதிகளும் மூடிக்கிடக்கும். பனி என்பது அந்த மக்களுக்குக் காசு தரும் பொருளாக அப்போது இல்லை. கடந்து போக வேண்டிய ஒரு துன்பமாகத்தான் இருந்தது.

அந்த நிலையை மாற்றிய குடும்பத்தின் பெயர் லன்.

சென்னையிலிருந்து வந்த குழந்தை

ஹென்றி லன் என்பவர் மெதடிஸ்ட் திருச்சபையின் பாதிரியார். 1887இல் சமயப் பணிக்காக இந்தியாவுக்குக் கப்பலேறினார். மறு ஆண்டு, 1888 ஏப்ரல் 18ஆம் தேதி, அன்று மதராஸ் என்று அழைக்கப்பட்ட சென்னையில் அவருடைய மூத்த மகன் ஆர்னல்ட் பிறந்தார். தந்தையின் உடல்நலம் வெப்பத்தைத் தாங்கவில்லை. அதனால் சில காலத்திலேயே குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. ஆர்னல்ட் லன்னுக்குச் சென்னையைப் பற்றி நினைவு எதுவும் இருந்திருக்க முடியாது. ஆனாலும், உலகப் பனிச்சறுக்கு வரலாற்றின் முக்கியமான மனிதருடைய பிறப்பிடம் என்று எந்தக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினாலும் சென்னையின் பெயர்தான் இருக்கும்.

இங்கிலாந்து திரும்பிய ஹென்றி, பிரிந்து கிடந்த கிறிஸ்துவச் சபைகளை ஒன்றுசேர்க்க ஆசைப்பட்டார். அதற்காக 1892இல் சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்ட் ஊரில் ஒரு மாநாடு கூட்டினார். அதற்கு ஆள்களை அழைத்துப் போய், தங்கவைத்து, திருப்பி அனுப்பிய அனுபவமே அவரைப் பயண ஏற்பாட்டுத் தொழிலுக்குள் இழுத்துவந்தது. சமயப் பணியாளர் சுற்றுலா முகவரானார்.

கோடையில் மட்டும் நிரம்பும் சுவிஸ் விடுதிகளைக் குளிர்காலத்திலும் நிரப்பினால் என்ன என்று அவர் யோசித்தார். மூரென் ரயில் நிறுவனத்தாரிடம் பேசி, 1910இன் குளிர்காலத்தில் ரயிலை ஓடவைத்தார். பனி மூடிய மூரெனுக்கு ஆங்கிலேயர்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் வசதியான குடும்பத்தார். பெயர்பெற்ற பள்ளிகளில் படித்தவர்களுக்கென்றே அவர் ஒரு சங்கம் வைத்திருந்தார். சாமானியர்களுக்கு அதில் இடமில்லை. உள்ளூர் மக்கள் அப்போது பெட்டி தூக்குபவர்களாகவும் விடுதி ஊழியர்களாகவுமே இருந்தார்கள்.

காந்தஹார் என்ற பெயர்

இன்றைக்கும் ஐரோப்பாவின் பனிச்சரிவுகளில் காந்தஹார் என்ற ஆப்கானிஸ்தான் நகரத்தின் பெயர் அடிக்கடி காதில் விழும். ஜெர்மனியின் கார்மிஷ் ஊரில் காந்தஹார் என்றே ஒரு புகழ்பெற்ற பந்தயச் சரிவு உண்டு. காலணியைப் பனிச்சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பழைய கம்பிப் பூட்டு ஒன்றுக்கும் அதே பெயர்தான். எங்கிருந்து வந்தது இந்தப் பெயர்?

1880இல் பிரிட்டிஷ் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்ஸ் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படை நடத்தினார். சுமார் 10,000 வீரர்கள் 500 கிலோமீட்டர் தூரத்தை மூன்று வாரத்தில் நடந்து கடந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி இந்தியப் படையினர். அந்த வெற்றிக்குப் பிறகு அவர் மதராஸ் படையின் தலைமைத் தளபதியாகவும் இருந்தார். பிற்பாடு 'காந்தஹார் ராபர்ட்ஸ் பிரபு' ஆனார்.

வயதான காலத்தில் அவர் ஹென்றி லன்னின் சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்தார். பனிச்சறுக்குப் பந்தயம் நடத்த இளைஞர் ஆர்னல்ட் ஒரு கோப்பை கேட்டபோது கொடுத்தார். 1911 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் மொண்டானா ஊரில், பனிப்பாறை ஒன்றின் மேலிருந்து பள்ளத்தாக்குவரை அந்தக் கோப்பைக்கான பந்தயம் நடந்தது. மேலிருந்து கீழே யார் முதலில் வருகிறார்கள் என்று பார்க்கும் டவுன்ஹில் பந்தயங்களின் முன்னோடி அதுதான்.

பந்தயம் வைத்தவர் அதில் ஓட முடியவில்லை. காரணம், அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன் நடந்த ஒரு விபத்து.

முறிந்த கால்

1909 ஆகஸ்டில் வேல்ஸ் நாட்டின் கேடர் இட்ரிஸ் மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது பாறை பெயர்ந்து ஆர்னல்ட் லன் கீழே விழுந்தார். ஏறத்தாழ முப்பது மீட்டர் வீழ்ச்சி. கால் எலும்பு பல இடங்களில் நொறுங்கியது. காலை வெட்டிவிடலாமா என்ற பேச்சுவரை போனது. கால் தப்பியது. ஆனால் இரண்டு, மூன்று அங்குலம் குட்டையாகிவிட்டது. புண்ணும் முழுதாக ஆறவில்லை. அப்போது அவருக்கு வயது 21.

நம்மில் பலர் அத்துடன் மலையை மறந்திருப்போம். அவர் குட்டைக் காலோடு மீண்டும் பலகையில் ஏறினார். 1917 ஜூன் மாதத்தில், வழிகாட்டி யோசெஃப் க்னூபெலுடன் சேர்ந்து, 4,545 மீட்டர் உயரமுள்ள டோம் சிகரத்தைப் பனிச்சறுக்குப் பலகைகளின் உதவியோடு எட்டினார். முழுவதும் சுவிஸ் மண்ணுக்குள்ளேயே நிற்கும் மலைகளில் அதுதான் மிக உயரமானது. அதுவரை யாரும் அப்படி ஏறியதில்லை.

முதலாம் உலகப்போரில் அவர் படைக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டார். ஜெர்மனியின் சிறைமுகாம்களிலிருந்த காயமடைந்த பிரிட்டிஷ் போர்க்கைதிகள் 1916 முதல் நடுநிலை நாடான சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தங்கவைக்கப்பட்ட ஊர் மூரென். ஆர்னல்ட் லன் அங்கே அவர்களுக்காக வேலை செய்தார். அந்த ஊரின் ஒவ்வொரு சரிவும் அவருக்கு அத்துப்படியானது. போர் முடிந்த பிறகும் அவர் மூரெனை விடவில்லை.

அழகுக்கு மதிப்பெண் வேண்டாம்

அந்தக் காலத்தில் பனிச்சறுக்கு என்றாலே நார்வேக்காரர்களும் சுவீடன்காரர்களும்தான். சமநிலத்தில் நீண்ட தூரம் ஓடுவதும், மேடையிலிருந்து பாய்ந்து தாவுவதும்தான் அவர்களுக்கு விளையாட்டு. மலையிலிருந்து இறங்குவது ஒரு போட்டியா என்று கேட்டார்கள்.

இறங்கும்போது வளைந்து திரும்பும் திறனைச் சோதிக்கும் போட்டிகள் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் இருக்கத்தான் செய்தன. ஆஸ்திரியாவில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்பவர் 1905லேயே கழிகளை நட்டு அவற்றினூடே இறங்கவைத்திருந்தார். ஆனால் பரவலாக இருந்த வழக்கம் வேறு. நடுவர்கள் நின்று பார்த்து, 'யாருடைய திருப்பம் அழகாக இருந்தது' என்று மதிப்பெண் போடுவார்கள். பாணிதான் முக்கியம்.

ஆர்னல்ட் லன் இதை ஏற்கவில்லை. வளைந்து திரும்புவது எதற்காக? எதிரே ஒரு மரம் நிற்கிறது. அதில் மோதாமல், வேகமும் குறையாமல் தாண்டிப்போக வேண்டும். அதற்காகத்தான். அப்படியானால் மெதுவான அழகிய திருப்பத்தைவிட, பார்க்கச் சுமாராக இருந்தாலும் வேகமான திருப்பமே மேல் என்பது அவர் கட்சி. நடுவரின் ரசனைக்கு அங்கே வேலை இல்லை. கடிகாரம் தீர்ப்புச் சொல்லட்டும்.

மரங்களுக்குப் பதிலாக அவர் கொடிகளை நட்டார். ஒற்றைக் கொடி அல்ல, இரண்டிரண்டாக, வாசல்போல. ஒவ்வொரு வாசலுக்குள்ளும் புகுந்து வர வேண்டும். யார் குறைந்த நேரத்தில் வருகிறாரோ அவரே வெற்றியாளர். 1922 ஜனவரி 21ஆம் தேதி, மூரென் கிராமத்தின் பயிற்சிச் சரிவில் இந்த விதிப்படி முதல் போட்டி நடந்தது. ஜொவான்னிடிஸ் என்பவர் வென்றார். இன்றைய ஸ்லாலம் பிறந்த நாள் என்று விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் குறிப்பது அந்த நாளைத்தான்.

நூறாண்டுக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை. இப்போது கொடிக்குப் பதில் அடியில் விசை வைத்த கழிகள். தட்டினால் சாய்ந்து மறுபடி நிமிரும். ஒவ்வொருவரும் இரண்டு முறை இறங்க வேண்டும். இரண்டாவது முறைக்குக் கழிகளை வேறு விதமாக நட்டுவிடுவார்கள். இரண்டு நேரத்தையும் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்வார்கள். அழகுக்கு மதிப்பெண் இல்லை.

எட்டு ஆண்டுப் போராட்டம்

1924 ஜனவரி 30ஆம் தேதி மூரெனில் காந்தஹார் பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கப்பட்டது. டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டையும் வளர்ப்பதே அதன் நோக்கம். தற்செயலாக, அதே வாரத்தில்தான் பிரான்சின் ஷமோனி ஊரில் முதல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. அங்கே பிப்ரவரி 2ஆம் தேதி அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனமும் உருவானது.

அந்த ஒலிம்பிக்கில் நெடுந்தூர ஓட்டமும் தாவலும் இருந்தன. மலையிலிருந்து இறங்கும் போட்டி ஒன்றுகூட இல்லை. ஆல்ப்ஸ் மலையின் மடியிலேயே நடந்த போட்டியில் ஆல்ப்ஸ் மலைக்குரிய விளையாட்டு இல்லை!

பனியோடு பிறந்தவர்கள் நாங்கள். மலை அதிகம் இல்லாத இங்கிலாந்துக்காரன் எங்களுக்குப் பாடம் சொல்வதா என்ற எண்ணம் வடநாட்டுக்காரர்களிடம் இருந்தது. லன் சளைக்கவில்லை. கட்டுரை எழுதினார். ஆண்டு மலர் வெளியிட்டார். கூட்டம் கூட்டமாகப் போய் வாதாடினார். 1928இல் ஆஸ்திரியாவின் சென் அன்டோன் ஊரில், அந்த நாட்டின் பெரும் பயிற்றுநரான ஹான்னஸ் ஷ்னைடருடன் கைகோத்து ஆர்ல்பெர்க்-காந்தஹார் என்ற பந்தயத்தைத் தொடங்கினார். டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டின் முடிவுகளையும் சேர்த்துக் கணக்கிடும் பந்தயம் அது.

சுவிஸ் இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூரெனிலேயே பிறந்த வால்ட்டர் அம்ஸ்டுட்ஸ் அவர்களில் முக்கியமானவர். 1924இல் சுவிஸ் பல்கலைக்கழக மாணவர்களுக்கான பனிச்சறுக்குச் சங்கத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். விருந்தினரின் பெட்டியைத் தூக்கிய ஊரிலிருந்து, விருந்தினரையே பந்தயத்தில் எதிர்த்து நிற்கும் தலைமுறை கிளம்பிவிட்டது. பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் இருக்கும் வெங்கன் கிராமமும் 1930இல் லௌபர்ஹோர்ன் பந்தயத்தைத் தொடங்கியது. இன்று உலகக் கோப்பைத் தொடரிலேயே மிக நீளமான டவுன்ஹில் பாதை அதுதான். 2013இல் அங்கே ஒரு வீரர் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார்.

கடைசியில் 1930ஆம் ஆண்டு, நார்வேயின் தலைநகரான ஓஸ்லோவிலேயே கூடிய சம்மேளன மாநாடு, டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டையும் அங்கீகரித்தது. 1922இல் கொடி நட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் எட்டு ஆண்டு. அடுத்த ஆண்டே, 1931 பிப்ரவரியில், முதல் ஆல்பைன் உலக வெற்றியாளர் போட்டி நடந்தது. எங்கே? வேறெங்கே, மூரெனில்தான்! ஆண்கள் பிரிவில் வால்ட்டர் பிராகர் டவுன்ஹிலையும் டேவிட் சோக் ஸ்லாலத்தையும் வென்றார்கள். இருவரும் சுவிஸ்காரர்கள். 1935இல் உலகப் போட்டி மறுபடியும் மூரெனுக்கே வந்தது.

பெண்களும் அதே சரிவில்

மூரென் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. முதல் உலகப் போட்டியிலேயே பெண்களுக்கும் பதக்கம் இருந்தது. டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டையும் வென்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எஸ்மே மக்கின்னன். வயது 17!

இது திடீரென்று நடந்துவிடவில்லை. 1923லேயே மூரெனில் பெண்களுக்கான பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. டோரீன் எலியட், ஆட்ரி சேல்-பார்க்கர் போன்றோர் அதன் தூண்கள். 1929இல் போலந்தின் சகோபானே ஊரில் நடந்த டவுன்ஹில் பந்தயத்தில் அவர்கள் இருவரும் ஆண்களோடு சேர்ந்தே இறங்கினார்கள்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் இன்னொரு விளையாட்டைப் பாருங்கள். மேடையிலிருந்து தாவும் பனிச்சறுக்குப் போட்டி 1924 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. அதில் பெண்களை அனுமதித்தது 2014இல்தான். தொண்ணூறு ஆண்டுகள்! ஆனால் டவுன்ஹிலும் ஸ்லாலமும் 1936இல் ஜெர்மனியின் கார்மிஷ் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நுழைந்தபோதே ஆண், பெண் இரு பாலாருக்கும் இடம் கிடைத்தது. புதிதாக ஒரு விளையாட்டுக்கு விதி எழுதுகிறவர்கள் முதல் நாளிலேயே கதவைத் திறந்து வைத்தால், பின்னால் வருபவர்கள் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

'நரகம்' என்றொரு பந்தயம்

மூரெனுக்கு மேலே 2,970 மீட்டர் உயரத்தில் ஷில்ட்ஹோர்ன் சிகரம். 1928 ஜனவரி 29ஆம் தேதி, காந்தஹார் சங்கத்தைச் சேர்ந்த 17 பேர் அதன் உச்சியிலிருந்து லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்குவரை ஒரு பந்தயம் வைத்தார்கள். இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிகமான இறக்கம். அன்று கேபிள் கார் கிடையாது. பலகைகளின் அடியில் சீல் தோல் கட்டி, மணிக்கணக்கில் தாங்களே ஏறிப்போய், பிறகு இறங்கினார்கள். சரிவைச் சமன் செய்து வைக்கவும் ஆளில்லை. ஹாரல்ட் மிட்செல் ஒரு மணி 12 நிமிடத்தில் வந்து வென்றார். டோரீன் எலியட்டும் இறங்கியவர்களில் ஒருவர்.

பந்தயத்துக்கு அவர்கள் வைத்த பெயர் இன்ஃபெர்னோ. இத்தாலிய மொழியில் நரகம் என்று பொருள்.

அந்த நரகத்துக்கு இன்று இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆண்டுதோறும் ஜனவரியில் சுமார் 1,850 பேர் கலந்துகொள்கிறார்கள். 12 விநாடிக்கு ஒருவர் வீதம் புறப்படுகிறார்கள். முழுப் பாதை 14.9 கிலோமீட்டர். பெரும்பாலானோர் பொழுதுபோக்கு விளையாட்டாளர்கள். நடுவே சிறிய ஏற்றமும் உண்டு. அங்கே தொடை வலிக்க வலிக்கப் பலகையை மிதித்து ஏற வேண்டும். வேகமானவர்கள் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு வந்து சேர்ந்தாலே வெற்றி. பந்தயத்துக்கு முந்தைய இரவு, பெரிய பிசாசு பொம்மை ஒன்றை ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கொளுத்துவது வழக்கம். தீபாவளிக்கு நரகாசுரனைக் கொளுத்தும் காட்சியைக் கோவாவில் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றாது.

ஆர்னல்டின் மகன் பீட்டர் லன் தமது 90ஆவது வயதிலும் இந்தப் பந்தயத்தில் இறங்கினார். அவர் கதை தனி. பிரிட்டிஷ் உளவுத்துறையில் உயர் பொறுப்பு வகித்தவர். பனிப்போர்க் காலத்தில் பெர்லின் நகரில் சோவியத் தொலைபேசிக் கம்பிகளை ஒட்டுக்கேட்கத் தோண்டிய சுரங்கத்தோடு அவர் பெயர் பிணைந்தது.

பதக்கத்தைவிடப் பெரியது

பீட்டர் லன் 1936 கார்மிஷ் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் ஆல்பைன் அணியின் தலைவர். தந்தையும் மகனும் பல்லாண்டு பாடுபட்ட விளையாட்டு முதன்முறை ஒலிம்பிக்கில் இடம்பெறும் நேரம். வாழ்நாள் கனவு நனவாகும் தருணம். ஆனால் அது ஹிட்லரின் ஜெர்மனி. தொடக்க விழா அணிவகுப்பில் நடக்க பீட்டர் மறுத்துவிட்டார். போட்டியில் கலந்துகொண்டார், ஊர்வலத்தில் கலந்துகொள்ளவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து இன்னும் கடுமையான சோதனை வந்தது. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றினார். நாஜிகளை எதிர்த்த ஹான்னஸ் ஷ்னைடர் கைது செய்யப்பட்டார். அந்த நேரத்தில்தான் சென் அன்டோனில் ஆர்ல்பெர்க்-காந்தஹார் பந்தயம் நடக்கவிருந்தது. தம் நண்பர் சிறையில் இருக்கும்போது அவருடைய ஊரில் பந்தயமா? ஆர்னல்ட் லன் அதை ரத்து செய்தார். ஷ்னைடர் பிறகு விடுதலையாகி, 1939இல் அமெரிக்காவுக்குக் குடியேறினார்.

விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்பார்கள். ஆனால் அரசியல் விளையாட்டு வீரனின் வீட்டுக் கதவைத் தட்டும்போது என்ன செய்வது என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. லன் குடும்பம் தன்னால் முடிந்த பதிலைச் சொன்னது.

1952இல் ஆர்னல்ட் லன்னுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. பிரிட்டிஷ் பனிச்சறுக்குக்கும் இரு நாட்டு நட்புக்கும் ஆற்றிய பணிக்காக. 1974இல் அவர் காலமானார்.

பாண்ட் வந்த சிகரம்

மூரெனின் பெயரைப் பந்தயம் பார்க்காதவர்களிடமும் கொண்டுசேர்த்தது சினிமா. 1960களில் ஷில்ட்ஹோர்ன் உச்சிவரை கேபிள் கார் அமைத்தார்கள். உச்சியில் சுழலும் உணவகம் ஒன்றையும் கட்டத் தொடங்கினார்கள். பணம் பற்றாக்குறையான நேரத்தில் ஜேம்ஸ் பாண்ட் படக்குழு அங்கே வந்து சேர்ந்தது. உள்வேலையை முடித்துக் கொடுத்து, படப்பிடிப்புக்கு அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டது. 1969இல் ஜார்ஜ் லேசன்பி நடித்து வெளிவந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தில் வில்லனின் கோட்டை அந்த உணவகம்தான். படத்தில் அதற்கு வைத்த 'பிஸ் குளோரியா' என்ற பெயரையே உணவகம் இன்றுவரை வைத்திருக்கிறது.

பனி குறைந்தால்?

இனிக் கொஞ்சம் கவலையான செய்தி. ஆல்ப்ஸ் மலைப்பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சூடேறி வருகிறது. அதன் விளைவு முதலில் தெரிவது தாழ்வான சரிவுகளில். இன்ஃபெர்னோ பந்தயம் முழுப் பாதையில் நடந்தால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாட்டர்புருன்னனில் முடிய வேண்டும். ஆனால் அங்கே போதிய பனி இல்லாமல், மேலேயே விண்டரெக் என்ற இடத்தில் பந்தயத்தை முடித்துக்கொண்ட ஆண்டுகள் பல. 1928இல் 17 பேர் பள்ளத்தாக்குவரை சறுக்கி வந்த பாதையில் இன்று சில ஜனவரிகளில் புல் தெரிகிறது.

இயந்திரம் வைத்துப் பனி தூவலாம். அதற்குத் தண்ணீரும் மின்சாரமும் குளிரும் வேண்டும். மூரென் உயரத்தில் இருப்பதால் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. 2024 டிசம்பரில் பள்ளத்தாக்கிலிருந்து மூரெனுக்குப் புதிய கேபிள் கார் ஓடத் தொடங்கியது. உலகிலேயே மிகச் செங்குத்தானது அது. பனியை நம்பிப் பிழைக்கும் ஊர், பனி இல்லாத மாதங்களிலும் ஆள்கள் வரவேண்டும் என்று முதலீடு செய்கிறது. நூறாண்டுக்கு முன் கோடையை மட்டும் நம்பியிருந்த ஊர் குளிர்காலத்தைக் கண்டுபிடித்தது. இப்போது காற்று திரும்பி வீசுகிறது.

பனியில்லா நாட்டுக்காரர்கள்

நாம் நிலநடுக்கோட்டின் பக்கத்தில் வாழ்பவர்கள். பனிச்சறுக்கு நமக்கெதற்கு என்று கேட்கலாம். 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டது. இருவர் போனார்கள். ஒருவர் பனித்தரை நடன வீரர் ஜூலியன் யீ. மற்றவர் ஆல்பைன் பனிச்சறுக்கு வீரர் ஜெஃப்ரி வெப். 2022இல் பெய்ஜிங்கில் ஜெஃப்ரியோடு அருவின் சலேஹுடினும் களமிறங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவின் முதல் வீராங்கனை அவர்தான். அவரும் ஆல்பைன் பனிச்சறுக்குக்காரர்.

பதக்கம் வரவில்லை. ஆனால் பனி விழாத ஒரு நாட்டின் கொடியைத் தாங்கியவர்கள், பனி விழாத ஓர் ஊரில் பிறந்தவர் வகுத்த விளையாட்டில், ஆணும் பெண்ணுமாக இறங்கினார்கள். 1922இல் மூரென் சரிவில் அந்தக் குட்டைக்கால் மனிதர் கொடிகளை நட்டபோது, பனி எங்கள் சொத்து என்று சொன்னவர்களிடம் அவர் கேட்டதும் இதைத்தான்: எங்கே பிறந்தாய், எவ்வளவு அழகாக வந்தாய் என்பதா முக்கியம்? எவ்வளவு வேகமாக வந்து சேர்ந்தாய் என்று கடிகாரத்தைப் பார்ப்போமே.

போக நினைப்பவர்களுக்கு

• ஸூரிக் அல்லது ஜெனீவாவிலிருந்து ரயிலில் இண்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையம் செல்லலாம். அங்கிருந்து லாட்டர்புருன்னன் சுமார் 20 நிமிடப் பயணம்.

• லாட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் குரூட்ஷால்ப் வரை ஏறி, அங்கே மலை ரயில் மாறினால் மூரென். அந்த ரயில் பயணத்தில் இடப்பக்கம் உட்காருங்கள். மூன்று சிகரங்களும் தெரியும்.

• பனிச்சறுக்குக் காலம் பொதுவாக டிசம்பர் முதல் ஏப்ரல்வரை. இன்ஃபெர்னோ பந்தயம் ஜனவரியில் நடப்பதால் அந்த வாரத்தில் அறை கிடைப்பது கடினம்.

• ஷில்ட்ஹோர்ன் உச்சியில் காற்று மெலிந்திருக்கும். இதய, மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கோடையில் போனாலும் கனமான குளிராடை அவசியம்.